நான்காவது அடுப்பு

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் இடிக்கப்பட்ட எங்கள் பூர்வீக வீட்டை, என் அப்பச்சி தம் கடைசிக் காலத்தில் தேக்குத் துண்டுகளால் இரண்டு முழ நீளப் பொம்மை வீடாகச் செய்துவைத்தார்கள். அதைப் பேத்திக்குக் கொடுக்க நினைக்கிறேன். கரையான் வராமல் என்ன பூசலாம்? அடுப்படியில் நான்கு அடுப்புகள் இடத்தை அடைக்கின்றன. மூன்றை எடுத்துவிட்டு, கரியைச் சுரண்டி வர்ணம் அடிக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

அன்புள்ள ஆச்சி,

கரையானுக்கு வேப்பெண்ணெய் தடவி, தரையில் படாமல் வையுங்கள். தச்சரை இன்றே தடுத்துவிடுங்கள்.

இடித்த வீடுகளின் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சதுரடிக் கணக்கு இருக்கும். ஒரே கூரையின்கீழ் யார் யார் தனித்தனியே உலை வைத்தார்கள் என்பதை இவை எதுவும் சொல்லாது. கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனமாக வேறு வைத்து, வளவு எனும் உள்கட்டில் ஓர் அறையும் தனி அடுப்பும் கொடுப்பது நம் நகரத்தார் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான்கு அடுப்பு என்றால் நான்கு குடும்பம். அதை இடைஞ்சல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று அடுப்புகளின் வாயில் அப்பச்சி விளக்குக் கரியைத் தொட்டு வைத்திருக்கிறார்கள். சுவரோரத்து நான்காவதில் கரியே இல்லை. கை தவறி விட்டதாக நான் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அடுப்பு இருந்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்த என் சித்தப்பா திரும்பி வரவே இல்லை. அவர் மனைவி, என் சின்னாத்தா, அதன்பிறகு அப்பத்தாவோடு சேர்ந்தே சமைத்தார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் தம் அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, நான்கு இழைக் கோலம் போட்டு, விறகு வைக்காமல் எழுந்து வருவார்கள். சிறுவனாக அருகில் நின்று, எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "வந்தா வேணுமில்லப்பா" என்றார்கள். வீட்டைப் பிரித்தபோது முதலில் உடைத்தது அந்த அடுப்பைத்தான். அது இருந்த இடத்தைக்கூட இன்று என்னால் காட்ட முடியாது.

வர்ணம் வேண்டாம் ஆச்சி. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வோர் அடுப்புக்கும் உரியவர் பெயரைச் சீட்டில் எழுதி அடியில் ஒட்டுங்கள். அந்த நான்காவது யாருடையது என்று எனக்கும் எழுதுங்கள்.