இரவுக் காவலும் மூன்று வட்டியும்

கேள்வி: ராணுவத்தில் நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படும் அக்னிவீராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது, இப்போது லடாக்கில் பணி. படிகள் நீங்கலாகக் கைக்கு வரும் 23,100 ரூபாயில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடுகிறது. அக்காவின் வளைகாப்புக்காக மூன்று வட்டிக்கு வாங்கிய 40,000 ரூபாயில் அசல் குறையவே இல்லை. இரவுக் காவலில் கடன் நினைவு வந்தால் சிகரெட் பற்றவைக்கிறேன். 18 ரூபாய் சிகரெட், நாளைக்கு எட்டு ஆகிவிட்டது. எப்படி மீள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: தம்பி, நாளைக்கு எட்டு என்றால் மாதம் 4,320 ரூபாய், நீங்கள் கட்டும் வட்டியோ 1,200 ரூபாய்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்பது மாதத்தில் அசலும் அடைந்துவிடும். குத்திக்காட்டுவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. உங்கள் கவலைக்கு முடிவு இருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

உடலில் சேர்ந்த நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது எழும் படபடப்பும் கடன் கவலையோடு கலந்துவிடுவதால், அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பைத் தணித்ததும் கவலையே தணிந்ததுபோல் தோன்றுகிறது.

நீங்கள் இருக்கும் இடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைந்த அந்த உயரத்தில், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. நிகோடின் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் பனிக்கடிக்கும் இடம் கொடுக்கிறது. கையுறையைக் கழற்றித் தீக்குச்சி உரசும் அந்த அரை நிமிடம் அதோடு சேர்கிறது.

விட்ட பிறகு முதல் மூன்று நாள்தான் மிகக் கடுமையாக இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். யூனிட் மருத்துவரிடம் நிகோடின் சூயிங்கம் பற்றிக் கேளுங்கள். 1800 11 2356 என்ற கட்டணமில்லாத தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணிலும் பேசலாம். நண்பர்கள் சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்து நீட்டும் கைனிக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். அதிலும் அதே நிகோடின்தான், வாய்ப்புற்றுநோயும் அதனால் வரும்.

இனி கடன். மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. வீட்டில் ஒன்றிரண்டு பவுன் இருந்தால், அதை வங்கியில் அடகு வைத்து இந்தக் கடனை முதலில் அடைக்கச் சொல்லுங்கள்; அங்கே வட்டி மிகக் குறைவு. இதை அம்மாவிடம் மறைக்காமல் பேசுங்கள், தொகையையும் வட்டியையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

சேவா நிதியை நம்பிப் புதுக் கடன் வாங்க வேண்டாம். 33,000 ரூபாய்ச் சம்பளத்தில் பிடிக்கப்படும் 9,900 ரூபாயும் அரசு போடும் அதே அளவும், நான்காண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சமாக வரும். 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதால், ஊர் திரும்பிய பின் அந்தப் பணம்தான் உங்களுக்கு முதல்.

சம்பளம் ஏறும் நாளன்று, கேன்டீன் பக்கம் போவதற்கு முன்பே, அந்த 4,320 ரூபாயைக் கடனுக்கு அனுப்பிவிடுங்கள்.