குருட்டுக் கொக்கும் மூஞ்சூறும்: கடிதம்

வணக்கம்.
நேற்று மாலை குளக்கரையில் ஒரு மடையான் கொக்கை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. இரவில் வீட்டுக்குள் ஒரு மூஞ்சூறு எலி சுவரோரமாக ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டும் வேட்டையாடிப் பிழைப்பவைதானே, இதில் எது கெட்டி? (எலிக்குப் பொறி வைத்துவிட்டேன்.)
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரை மணி நேரம் நின்று ஒரு பறவையைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் இருந்த வரியைப் படித்ததும் கோபமும் வந்தது. முதலில் போய்ப் பொறியை எடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எது கெட்டி என்பதெல்லாம் பந்தயக் கேள்வி, விடுங்கள். மடையானைக் குருட்டுக் கொக்கு என்கிறோம். நாம் பக்கத்தில் போகும்வரை பறக்காமல், மண்நிறத்தில் ஒளிந்து நிற்பதால் வந்த பெயர். தண்ணீருக்குள் மீன் இடம் மாறித் தெரிந்தாலும் சரியான இடத்தில் குத்தும் பறவைக்கு இந்தப் பெயர்!

மூஞ்சூறுக்கு நடந்தது இதைவிட அநியாயம். அது எலி இல்லை. எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கொறிக்கும். மூஞ்சூறின் பற்கள் கூரானவை, தேய்ந்தால் தேய்ந்ததுதான். அது தேடுவது கரப்பானையும் பூச்சியையும். முள்ளெலிக்குத்தான் அது சொந்தம். முள்ளெலியும் எலி இல்லை, பெயரில்தான் எலி. திரும்பவும் சொல்கிறேன், மூஞ்சூறு எலி இல்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் எலிக்கூண்டு வைத்தோம். மாலையில் மாட்டியதை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் மூஞ்சூறு செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. எலிக்கு வைத்த தானியம் தொடாமல் அப்படியே இருந்தது.

மூஞ்சூறுகளால் காத்திருக்க முடியாது என்று பிறகுதான் படித்தேன். உலகிலேயே எடை குறைந்த பாலூட்டி ஒரு மூஞ்சூறு வகை, சுமார் 2 கிராம். அதன் இதயம் நிமிடத்துக்கு 1000 தடவைக்கு மேல் துடிக்கக்கூடியது. அத்தனை சின்ன உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். தின்றுகொண்டே இருந்தால்தான் உயிர் தங்கும். ஆய்வுக்காகப் பிடிப்பவர்கள் கூண்டுக்குள் இரையும் வைப்பது அதனால்தான். மடையான் அரை மணி நேரம் நிற்கலாம், அசையாமல் நிற்பதற்கு அதிகம் செலவாகாது. உங்கள் வீட்டு மூஞ்சூறை ஓட வைப்பது பசி.

பொறியை எடுத்துவிட்டீர்களா? சரி. இனி இரவில் அரவம் கேட்டால் சத்தம் போடாமல் பாருங்கள். குட்டிகள் இருந்தால், முன்னால் போவதன் வாலடியைப் பின்னால் வருவது கவ்விக்கொள்ள, தாய்க்குப் பின்னால் ஒரே வரிசையாகப் போகும்.