கோணல் தையல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் ஃபேஷன் வீக்கில் நகையும் ஆண்கள் உடையும் சேர்ந்த ஒரு காட்சிக்குப் போய்வந்ததாக எழுதி, ஒரு போட்டோவும் போட்டிருந்தீர்கள். கோட்டின் ஒரு கை முன்பக்கம் திரும்பியிருக்கிறது. தையல் வெளியே தெரிகிறது. கழுத்தில் தகரத்தை வளைத்து மாட்டிய மாதிரி ஏதோ ஒன்று. நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் 16 வருடமாக சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன். எங்களிடம் காலர் அரை சென்டிமீட்டர் கோணினால் பீஸ் திரும்பி வந்துவிடும். அங்கே கோணினால் கலையா? இதையெல்லாம் யார் போடுவார்கள், யார் வாங்குவார்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கிண்டலுக்குக் கேட்டிருந்தாலும் தப்பில்லை. அங்கே நின்றபோது பாதி நேரம் எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது ராம்ப் ஷோ இல்லை. ராம்ப் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கண்ணுக்கு முன்னால் கோட்டு ஓடிப்போகும், தையலைப் பார்க்க வழியே இல்லை. இது பிரசன்டேஷன். கிழக்கு லண்டனில் டால்ஸ்டன் பக்கம் ஒரு பழைய கிடங்கு. பத்துப் பையன்கள் மரப்பெட்டிகள்மேல் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் கடைகளுக்கு வாங்குகிறவர்களும் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம். ஷோ நடத்தக் காசில்லாத புது ஆட்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். என் நண்பர் ஒருவர் பத்திரிகைக்காரர், அவருக்கு வந்த அழைப்பில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

நீங்கள் கேட்ட கோட்டுக்கு வருகிறேன். கட்டம் போட்ட கம்பளித் துணி. வலது கை, அது உடம்போடு சேர்கிற ஆர்ம்ஹோலோடு சேர்ந்து முன்னால் திருகியிருந்தது, சும்மா நிற்கும்போதே ஏதோ எடுக்கப் போகிறவன் மாதிரி. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டுவிட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் திருகலில்கூட கட்டம் கட்டத்தோடு சேர்ந்திருந்தது. நேரான தையலில் செக் மேட்ச் பண்ணுவதே எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இது உங்கள் லைனில் ரிஜெக்ட் ஆகிற கோணல் இல்லை, டெக்பேக்கில், அதாவது அளவும் தையலும் குறித்துத் தருகிற தாளில், எழுதிவைத்த கோணல். அடுத்த சைஸிலும் அதே இடத்தில் அதே அளவு கோணியிருக்கும்.

எல்லாமே அப்படி என்று சொல்லமாட்டேன். இரண்டு பெட்டி தள்ளி ஒரு சட்டை, ஓரமெல்லாம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் தத்துவ விளக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். எனக்கென்னவோ நேற்று ராத்திரி நேரம் போதவில்லை என்றுதான் பட்டது.

அப்புறம், டால்ஸ்டனுக்கு இது புதிதும் இல்லை. 1980களில் அங்கே ‘ஹவுஸ் ஆஃப் பியூட்டி அண்ட் கல்ச்சர்’ என்று ஒரு கடை இருந்தது. அதில் சேர்ந்து வேலை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் நெமெத். ஓவியம் படித்தவர். தபால் சாக்குகளை வெட்டி கோட்டு தைத்தார், தையலை வெளியே தெரியவிட்டார். இன்னொருவர் ஜூடி பிளேம். பெயர் அப்படி, ஆள் ஆண். தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் கிடக்கிற எலும்பு, இரும்புத் துண்டு, அப்புறம் பொத்தான், ஊக்கு என்று கிடைத்ததையெல்லாம் கோத்து நகை செய்தார். நெமெத் பிறகு டோக்கியோவுக்குப் போய்விட்டார், 2010இல் இறந்தார். 2015 ஜனவரியில், பிரான்சின் பெரிய ஆடம்பர பிராண்டான லூயி விட்டானின் ஆண்கள் தொகுப்பை, அப்போது அங்கே டிசைனராக இருந்த கிம் ஜோன்ஸ் நெமெத்துக்குக் காணிக்கையாகவே செய்தார். தபால் சாக்கில் தொடங்கியவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

கழுத்தில் இருந்தது தகரம் இல்லை, அலுமினியத் தகடு. தோளில் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே விளிம்பு ஏறி நிற்கும். போட்டவனால் தலையைக் குனிய முடியாது. அதனால் அந்தப் பையன் எல்லோரையும் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதுபோல இருந்தான். பாவம், அவன் பார்வையில் ஏளனம் ஒன்றும் இல்லை, எல்லாம் தகடு செய்கிற வேலை. இடைவேளையில் அவனை இறக்கி, பின்பக்கத் திருகாணியைக் கழற்றினார்கள். உள்விளிம்பில் கால்கட்டை விரலுக்கு ஒட்டுகிற மாதிரி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அப்படியும் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வரி. அவன் தண்ணீர் குடிக்கிறான், தொண்டை ஏறி இறங்க அந்த வரியும் கூடவே ஏறி இறங்குகிறது. மாலை முழுக்க நான் பார்த்த நகைகளில் அதுதான் நல்ல நகை.

இப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தில் ஹைஸ் பாக்கர் என்று ஒரு நகைக் கலைஞர், 1973இல் தங்கக் கம்பியைக் கையில் இறுக்கிச் சுற்றவைத்தார். கம்பியைக் கழற்றிய பிறகு தோலில் பதிந்திருக்கிறதே பள்ளம், அதுதான் நகை என்றார். தங்கம் வெறும் கருவி. கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால் அரைஞாண் கட்டிய குழந்தையைக் குளிப்பாட்டியவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரிந்ததுதான்.

யார் வாங்குவார்கள்? அந்தத் தகட்டை, அநேகமாக யாரும் இல்லை. அது போட்டோவுக்கு. அதைப் பார்த்து மயங்குகிறவர் அதே விளிம்பு வளைவுள்ள மோதிரம் ஒன்றை வாங்குவார், ஆர்டர் எடுப்பது அதற்குத்தான். எப்போதாவது கதை மாறும். ஷான் லீன் லண்டனின் நகைக்கடைத் தெருவான ஹாட்டன் கார்டனில் முறையாகப் பொன்வேலை பழகியவர். 1999இல் பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மெக்குவீனின் ஷோவுக்காக, மாடலின் உடம்பை கான்கிரீட்டில் வார்த்துவைத்துக்கொண்டு, அதன்மேல் அலுமினிய வளையங்களை ஒவ்வொன்றாக வளைத்து ஒரு மேலங்கி செய்தார். 2017 டிசம்பரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் அது 8 லட்சம் டாலருக்கு மேல் போனது. குந்துமணித் தங்கம் கிடையாது. சேதாரம் போட வழியில்லை, அத்தனையும் செய்கூலி.

அந்தக் கோட்டின் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்திருக்கிறேன், மெயிலில் அனுப்புகிறேன். அக்குளுக்குக் கீழே துணி குறுக்கே திரும்புகிற இடத்தில் கட்டத்தை எப்படி விட்டுப்போகாமல் பிடித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.