மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்: பழைய வண்டி, பழைய மெஷின் கேள்வி-பதில்

கேள்வி: 2006 மாடல் ஆல்ட்டோ வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வெளியே எடுப்பேன். இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது மறுபடியும் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரிக் கடைக்காரர் பெரிய சைஸ் போடச் சொல்கிறார். மெக்கானிக், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். எதை வாங்குவது?
வாசகர், கரூர்

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். முதலில் வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் ஜாக்கி இருப்பதுபோல இதுவும் இருக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட காலி. அப்புறம் வீட்டில் ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி, செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். விழாமல் 11, 12 என்று நிற்கிறது, ஆனாலும் ‘டக்’ என்ற சத்தம்தான் வருகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. கரண்ட் போகிற வழியில் அடைப்பு இருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டாரிலேயே கோளாறு.

அந்த அடைப்பு பெரும்பாலும் எர்த் ஒயரில்தான் இருக்கும். எனக்கே நடந்தது. 1998 வண்டி ஒன்றுக்கு நானும் ஒரு பேட்டரியை வீணாக வாங்கிப் போட்டேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்தத் தடித்த ஒயர், பார்வைக்குப் புதிது மாதிரிதான் இருந்தது. ஒருநாள் மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.8 வோல்ட். 0.2-க்குள் இருக்க வேண்டியது. அந்த போல்ட்டைக் கழற்றினால், ஒயர் முனையின் அடியில் பாசி பிடித்ததுபோலப் பச்சைப் பொடி, இரும்பில் செதில் செதிலாகத் துரு. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அடுத்த தடவை 0.1. வண்டி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. செலவு ஒரு உப்புத்தாள். அதற்கு முந்தின மாதம் வாங்கிய பேட்டரியின் பில்லை எடுத்துப் பார்த்தபோது வந்த வருத்தத்தில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் வண்டியை அதிகம் எடுப்பதில்லை என்கிறீர்கள். அதனால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது எங்கேயாவது கரண்ட் கசிகிறதா? எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு இணையுங்கள். சில நிமிடம் பொறுங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 0.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால், ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) போகும். உங்கள் வண்டி பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் என்றால் நாலு நாள் தாங்காது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவினால் அளவு இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பின்னால் வாங்கி மாட்டிய ஸ்டீரியோவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஆல்டர்னேட்டர் சந்தேகத்தை ஒரே நிமிடத்தில் தீர்க்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது, மாற்ற வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு பேட்டரிதான் என்று உறுதியானால், கம்பெனி குறிப்பிட்ட அளவிலேயே வாங்குங்கள். பெரிய சைஸ் போட்டால் கசிவு நிற்காது, காலியாக இன்னும் சில நாள் ஆகும், அவ்வளவுதான். கடையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.4-க்குக் கீழே இருப்பதை எடுக்காதீர்கள், அது ரேக்கில் ரொம்ப நாள் தூங்கியிருக்கும். ‘36 மாத வாரன்ட்டி’ என்றால் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் என்று கேட்டு, வாரன்ட்டி கார்டில் தேதியும் சீலும் வாங்குங்கள். பழைய பேட்டரிக்குக் கழித்த தொகை பில்லில் தனியாக எழுதப்பட வேண்டும்.

கேள்வி: அப்பா வாங்கிய 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மதிய வெயிலில் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வண்டியை விற்க மனமில்லை.
வாசகி, திண்டுக்கல்

பதில்: விற்க வேண்டாம் அம்மா. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையும் இப்போதே மாற்ற வேண்டாம். அடுத்த தடவை நிற்கும்போது அங்கேயே ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வண்டியை ஓரம் கட்டி, சாவியை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்தால், உள்ளே ஊசி முனைபோல பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்தால் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது. அப்போது தீப்பொறிப் பக்கம்தான் சந்தேகம், பெரும்பாலும் சூடானால் மயங்கி ஆறினால் எழுந்துகொள்ளும் இக்னிஷன் காயில். ஒன்றுமே வராமல் வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாயிலோ பம்ப்பிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் அதேதான். பழைய டாக்ஸி டிரைவர்கள் செய்த வைத்தியம் இது.

ஆவி அடைப்புக்குச் செலவு குறைவு. பெட்ரோல் குழாய் சைலன்சர் பைப்பை உரசிக்கொண்டு போகிறதா, ரேடியேட்டர் ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா, பம்ப் உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் டயாஃப்ரம் என்ற மெல்லிய தகடு தளர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையோடு ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. உப்பி, பிசுபிசுத்து, விரல் நகம் பட்டாலே கறுப்பாக ஒட்டும் ஹோஸ் கசிந்தால் கீழே சூடான எஞ்சின் இருக்கிறது. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடையில் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று மட்டும் கேட்காமல், மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக் குறியீடு அச்சடித்தது வேண்டும் என்று கேளுங்கள். கார்புரேட்டருக்கும் கழற்றிக் கழுவி ரிப்பேர் கிட் போட்டாலே போதும் என்பதுதான் பெரும்பாலும் நடப்பு.

கேள்வி: வொர்க்‌ஷாப்பில் பம்ப், கிளட்ச் எல்லாம் மாற்றியதாகச் சொல்லிப் பெரிய தொகை வாங்கினார்கள். பில் கேட்டால் துண்டுச்சீட்டு. பழைய பாகம் கேட்டால் ‘தூக்கிப் போட்டாச்சு சார்’ என்கிறார்கள்.
வாசகர், சென்னை

பதில்: வேலை செய்துவிட்டுப் பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தீரவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பணத்தை ஜிபே செய்திருந்தால் அதுவும், துண்டுச்சீட்டின் போட்டோவும் சாட்சிதான், பத்திரமாக வையுங்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போதே “மாத்துற பாகத்தை டிக்கியில வெச்சிடுங்க” என்று சொல்லி, அதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். புதுப் பாகம் வந்த அட்டைப்பெட்டியையும் கேளுங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம் வருடம் மூன்றும் இருக்க வேண்டும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, டெயில் லேம்ப் பழையதாக வாங்குங்கள், நானும் வாங்குவேன். பிரேக், ஸ்டீயரிங் சாமான் அங்கே வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: பதினைந்து வருட வெட் கிரைண்டர் ‘உம்ம்’ என்று உறுமுகிறது, சுற்றவில்லை. புதிதே வாங்கிவிடலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால், பிளக்கை மாட்டி, டிரம்மை ஒரு தள்ளு தள்ளிக் கையை எடுத்தவுடன் சுவிட்சைப் போடுங்கள். ஓட ஆரம்பித்தால், மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய கெபாசிட்டர் மேல் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில் மாற்றச் சொல்லுங்கள். நீங்களே தொட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும். எரிந்த வாடை அடித்தால் மோட்டார் காயில் போயிருக்கிறது. அப்போது புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். கல் நன்றாக இருந்தால் நான் கட்டித்தான் ஓட்டுவேன்.