அப்பாவின் கைநாட்டு இன்றைக்குச் செல்லும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு ஆண்டுகளாக மோட்டார் நியூரான் நோய். நடக்க முடியாது, வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. புத்தி மட்டும் தெளிவு. போகப்போக மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும் என்கிறார் டாக்டர். “தொண்டையில் ஓட்டை போட்டு இயந்திரத்தில் கிடக்க மாட்டேன். ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல். உண்ணாமல் உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனுக்கு இருந்த உரிமை எனக்கு இல்லையா?” என்று கேட்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி, அங்கே சட்டமே அனுமதிக்கிறது, அழைத்து வா என்கிறான். பெரியப்பா வீட்டார் ‘தலைக்கு ஊற்றிவிடலாம்’ என்று ஜாடையாகப் பேசுகிறார்கள். எனக்கு என்ன வழி? (வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: சகோதரி, முதலில் பெரியப்பா வீட்டுப் பேச்சை முடித்துவிடுவோம். படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவதை உங்கள் பக்கத்தில் தலைக்கூத்தல் என்பார்கள். அதற்குச் சட்டத்தில் ஒரே பெயர்தான்: கொலை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஊர் வழக்கம் என்ற வாதம் எடுபடாது. உடன் நின்றவர்களும் மாட்டுவார்கள். இனி யாராவது ஜாடை பேசினால் இதை நேராகவே சொல்லிவிடுங்கள். அப்பாவை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

அப்பா கேட்கும் ஊசிக்கும் இங்கே இடமில்லை. அவரே கெஞ்சிக் கேட்டாலும் போட்டவர் தப்ப முடியாது. வயது வந்தவரின் சம்மதம் இருந்தால் குற்றம் கொலை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். அந்தப் படியிலும் ஆயுள் தண்டனை வரை உண்டு. மருந்தைக் கையில் கொடுத்து ‘நீங்களே சாப்பிடுங்கள்’ என்றால் அது 108ஆம் பிரிவு, தற்கொலைக்கு உடந்தை. பத்து ஆண்டுகள் வரை சிறை. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் ஞான் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது.

ஆனால் அப்பாவின் பேச்சில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஊசி ஒன்று. ‘இயந்திரத்தில் கிடக்க மாட்டேன்’ என்பது வேறொன்று. இரண்டாவதற்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது.

அந்த வழி மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் ஒரு கட்டிலிலிருந்து தொடங்கியது. அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். உணவூட்டுவதை நிறுத்தி அவரை இறக்கவிடக் கோரிப் போடப்பட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களே அதை எதிர்த்தார்கள். ஆனாலும், மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு ஏற்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்றும், அதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. ‘லிவிங் வில்’ என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். அப்போது வைத்த நடைமுறை முழி பிதுங்கச் செய்தது; 2023 ஜனவரியில் ஓரளவு எளிதாக்கினார்கள்.

அப்பா செய்ய வேண்டியது இது. எந்த நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக எழுத வேண்டும். ‘செயற்கையாக எதுவும் வேண்டாம்’ என்று மொட்டையாக எழுதினால் டாக்டர்கள் குழம்புவார்கள். செயற்கைச் சுவாசக் கருவி, தொண்டைத் துளை, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தனக்கு நினைவில்லாதபோது முடிவுக்குச் சம்மதம் தர காப்பாளரையோ நெருங்கிய உறவினரையோ குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம்; உங்களையும் தம்பியையும் போடலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்பமிட வேண்டும். சொத்தில் பங்குள்ளவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். கை விழுந்தவர் கைநாட்டு வைக்கலாம், இடது கையானாலும் செல்லும். வாசித்துக் காட்டி, புரிந்து சம்மதித்தார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ ஒரு பிரதி கொடுங்கள். வாங்கத் தயங்கினால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள்.

பிரதிகளைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் எல்லாம் முறையாக எழுதி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்தொன்பது நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோதுதான் அந்தக் காகிதம் பிள்ளைகள் கையில் கிடைத்தது.

எழுதியது உடனே நடைமுறைக்கு வந்துவிடாது. அப்பாவுக்கு நினைவு இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்தான் முக்கியம். புத்தி தெளிந்த நோயாளி வேண்டாம் என்றால் அந்தச் சிகிச்சையைத் திணிக்க முடியாது. முடிவெடுக்க முடியாத நிலைக்கு அவர் போன பிறகுதான் காகிதம் பேசும். அப்போது மருத்துவமனையின் மருத்துவர் குழு ஒன்றும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும்; நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். வென்டிலேட்டர் வேண்டாம் என்பதற்கு வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து தொடர வேண்டும், அதையும் எழுதுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலித்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தம்பியின் யோசனை நடக்காது. கனடா 2016 முதல் அனுமதிப்பது உண்மை. ஆனால் அந்நாட்டு அரசு மருத்துவ வசதிக்குத் தகுதியுள்ளவர்களுக்கே அது பொருந்தும். விசாவில் போகும் அப்பாவுக்குப் பொருந்தாது.

கோப்பெருஞ்சோழனைப் பற்றி அப்பாவுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சங்ககால மன்னன் வடக்கிருந்தது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டது, நோய் தாங்காமல் அல்ல, பெற்ற பிள்ளைகளே போருக்கு எழுந்த வேதனையில் என்பது அவருக்குத் தெரியும். ஊசியைச் சட்டமாக்கலாமா என்ற விவாதத்தில் எனக்கு இருக்கும் தயக்கமும் அங்கேதான். தலைக்கூத்தல் நடந்த மண்ணில், ‘நானே போய்விடுகிறேன்’ என்று ஒரு கிழவர் சொல்வது அவருடைய சொல்லா, திண்ணையில் கேட்ட பேச்சா என்று எந்த நீதிபதி கண்டுபிடிப்பார்? உங்கள் அப்பா அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் எழுதும்முன் ஒருமுறை, வீட்டார் யாரும் இல்லாமல், டாக்டர் அவரோடு தனியாகப் பேசட்டும்.

பேச்சு முழுவதும் போய்விட்டால் சம்மதத்தை உறுதிசெய்வது கடினமாகிவிடும். நோட்டரியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், இந்த வாரமே. தம்பி விடுப்பு கிடைத்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவன் பெயரை எழுத அவன் நேரில் இருக்க வேண்டியதில்லை.