கேட்டதும் சொன்னதும்: பழைய குவெஸ்டா, புதியதா?

கேள்வி: அண்ணா, கனடாச் சித்தப்பா தான் பாவிச்ச மெட்டா குவெஸ்ட் 2 ஹெட்செட்டை, அதுதான் தலையில மாட்டி மெய்நிகர் (VR) விளையாட்டு விளையாடுற கருவியை, சும்மா தாறன் எண்டுறார். நான் குவெஸ்ட் 3 வாங்கக் காசு சேர்க்கிறன். மூக்குக்கண்ணாடி போடுறவள். எதை எடுக்கட்டும்? – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் கண்ணாடி போடுறதுதான் இதிலை முக்கியம். 2020இல் வந்த குவெஸ்ட் 2இல் வளையம் வளையமாகச் செதுக்கிய ஃப்ரெனெல் வில்லை. நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல். உங்கட கண்களுக்கிடையிலான தூரத்துக்கு ஏற்றபடி வில்லைகளை 58, 63, 68 மில்லிமீற்றர் என மூன்று படிகளில்தான் நகர்த்தலாம். 2023இல் வந்த குவெஸ்ட் 3இல் பான்கேக் எனப்படும் மெல்லிய வில்லை. ஓரத்து எழுத்தையும் வாசிக்கலாம், வில்லைகளின் இடைவெளியைச் சில்லைச் சுழற்றிப் பொருத்தலாம். சுற்றியுள்ள அறையும் நிறத்தோடு தெரியும். புதிய விளையாட்டுகள் சில பழையதில் ஓடாது.

என்றாலும் சித்தப்பா தாறதை வாங்குங்கோ. ஆறு மாதம் பாவித்துப் பாருங்கோ, தலை சுற்றுதா, உண்மையாகவே தேவைதானா என்று தெரியும். சேர்த்த காசு எங்கும் போகாது. பெட்டியோடு வந்த, கண்ணாடி போடுறவர்களுக்கான இடைத்துண்டையும் அனுப்பச் சொல்லுங்கோ. ஹெட்செட்டிலிருந்து தன் கணக்கை நீக்கிவிட்டுத் தரட்டும்.

வெயில் கவனம். போன சித்திரையில் என்னுடையதை விறாந்தையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். வில்லைக்குள்ளால் இறங்கிய வெயில் திரையைச் சுட்டுவிட்டது. அந்த மஞ்சள் பொட்டு இன்னும் இருக்கிறது. எங்கட வன்னி வெயிலுக்குச் சில நிமிடங்கள் போதும். பாவித்த கையோடு துணியால் மூடி, அலுமாரிக்குள் வையுங்கோ.