கூரைக் கூடாரமும் கூட வரும் நாயும்: வாசகர் கேள்வி-பதில்

வாகனத்தின் மேல் பொருத்தும் கூடாரங்கள் பற்றியும், அவற்றில் நாயையும் கூட்டிச் செல்வது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

பண்டாரவளை வாசகர்: எங்கள் டபிள் கெப்பின் பின் தட்டுக்கு மேல் கெரியர் அடித்து, அதில் கூடாரம் பொருத்த நினைக்கிறோம். கூடாரம் 300 கிலோ தாங்கும் என்கிறார் கடைக்காரர். நாங்கள் இருவர், லாப்ரடோர் நாய் 32 கிலோ. போதுமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 300 கிலோ என்பது வாகனம் அசையாமல் நிற்கும்போது தாங்கும் பாரம். அந்தக் கணக்கில் நீங்கள் இருவரும் நாயும் மெத்தையும் தாராளமாக அடங்குவீர்கள். வாகனம் ஓடும்போது கெரியர் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. அது பெரும்பாலும் நிற்கும் பாரத்தில் ஒரு சிறு பங்காகவே இருக்கும். 75 கிலோ என்று குறிக்கப்பட்ட கெரியர்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. குழியில் சக்கரம் இறங்கும்போதும், வளைவில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் மேலே இருக்கும் எடை தன் உண்மையான அளவைவிடப் பன்மடங்காக இழுப்பதால்தான் இந்த வேறுபாடு. எல்ல பாதையிலும் ரம்பொடை வளைவுகளிலும் ஓட்டுபவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கடையில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கூடாரத்தின் எடை எவ்வளவு? ஓடும்போது கெரியர் தாங்கும் அளவு எவ்வளவு? அந்தக் கெரியர் நிற்கும் இடத்துக்கு வாகனக் கைநூல் அனுமதிக்கும் அளவு எவ்வளவு? பின்னைய இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. கூடாரத்தின் எடை அதற்குள் அடங்க வேண்டும். இத்தகைய கூடாரங்கள் பொதுவாக 45 முதல் 80 கிலோ வரை இருக்கும். நனைந்த துணியோடு மடித்தால் இன்னும் கூடும்.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலட்சக்கணக்கில் பணம் கொடுத்த வாசகர்கள் எனக்கு அனுப்பும் பற்றுச்சீட்டுகளில் "கூடாரம் - 1" என்று மட்டும் எழுதி, அதன்மேல் இறப்பர் முத்திரை குத்தியிருக்கிறது. மாதிரியின் பெயர் இல்லை, எடை இல்லை, தாங்கும் அளவு இல்லை, புதியதா பாவித்ததா என்பதும் இல்லை. பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே நமக்குள்ள உரிமை. ஆனால் விவரணம் வியாபாரியின் வாயில் மட்டும் இருந்தால் அந்த உரிமையை எதைக் காட்டி நிலைநாட்டுவது? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது உங்கள் வேலை. "ஓடும்போது இத்தனை கிலோ" என்று எழுதித் தர மறுப்பவர் தான் விற்கும் பொருளை அறியாதவர், அல்லது நன்றாக அறிந்தவர். இரண்டு வகையினரிடமும் வாங்காதீர்கள்.

பொருத்திய பின் முதல் பயணத்தில் சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி, போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். நட்டைச் சுற்றி வர்ணம் புதிதாக உராய்ந்து வெள்ளிக்கோடு தெரிந்தால் அது அசைந்திருக்கிறது.

ஹட்டன் வாசகி: கூடாரத்தோடு நாய் ஏறுவதற்கென்று ஒன்றரை மீற்றர் நீளமான சாய்பலகையும் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அது வாகனத்தின் பின் கதவுக்கு ஏறுவதற்கான பலகை. கூடாரத்தின் தளம் தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்தால், நாய் பயமின்றி ஏறக்கூடிய ஏறத்தாழ 25 பாகைச் சாய்வுக்கு ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறைந்த பலகை தேவைப்படும். அதை எங்கே கட்டிக்கொண்டு போவீர்கள்? கூடாரத்தோடு வரும் ஏணியில் நாய் ஏறாது. ஏற்றிவிட்டாலும் இறங்காது, குதிக்கும். விளம்பரப் படத்தில் மேலிருந்து நாக்கை நீட்டிச் சிரிக்கும் நாயை யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள். சிறிய நாயானால், முதுகில் கைப்பிடியுள்ள மார்புப்பட்டி அணிவித்து ஒருவர் கீழிருந்து கொடுக்க மற்றவர் மேலிருந்து வாங்கலாம். பெரிய நாய்க்குக் கூடாரத்தின் கீழே சிப் வைத்து இணைக்கும் அறைத்துணியை வாங்கி, ஒருவர் அதனுள் நாயோடு படுத்துக்கொள்ளுங்கள். அல்லது கெப்பின் பின் ஆசனத்தில் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு நாயைப் படுக்க வையுங்கள். விடிந்து வெயில் ஏறியதும் இறக்கிவிட வேண்டும். மலைக்காற்று குளிர்ந்தாலும் மூடிய வாகனம் விரைவில் சூடாகும்.

மஸ்கெலியா வாசகர்: தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் தங்கும்போது நாயை இரவில் சக்கரத்தில் கட்டிவைத்தால் காவலாக இருக்குமல்லவா?

பதில்: சிறுத்தைக்கு இரையாக இருக்கும்.

நுவரெலியா வாசகர்: ஹோர்ட்டன் சமவெளிக்கு நாயைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு எங்கே எடுப்பது?

பதில்: எங்கும் இல்லை. அது 1988 முதல் தேசிய பூங்கா; நாய்க்கு அனுமதி கிடையாது. வாசலுக்கு வெளியே வாகனத்தில் பூட்டி வைத்துவிட்டு நடக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

தலவாக்கலை வாசகி: முகநூல் பக்கமொன்றில் புதிய கூடாரம் என்று பார்த்து 85,000 ரூபாய் வங்கியில் இட்டோம். வந்தது கிழிந்து தைத்த பழைய கூடாரம். உள்ளே வேறு யாருடையதோ நாயின் மயிர் ஒட்டியிருந்தது. கேட்டபோது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்றார்கள். பிறகு எங்களைத் தடுத்துவிட்டார்கள். எங்கள் கவனக்குறைவுதான் என்று கணவர் சொல்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், ஏமாற்றியவர் இருக்கும்போது ஏமாந்தவர் மீது பழி போட வேண்டியதில்லை. புதியது என்று சொல்லிப் பழையதை அனுப்பியவர், "திரும்பப் பெறமாட்டோம்" என்ற ஒற்றை வாக்கியத்தின் பின்னால் ஒளிய முடியாது. இன்றே செய்ய வேண்டியவை உள்ளன. விளம்பரம், உரையாடல், அந்தப் பக்கத்தின் முகவரி ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். உங்களைத் தடுத்திருப்பதால் உறவினர் ஒருவரின் கைபேசியில் எடுங்கள். வங்கிச் சீட்டின் பிரதியையும், தையல் தெரியும் படங்களையும், பொதி வந்த பெட்டியின் முகவரிச் சீட்டையும் சேருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழி கேட்கலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், ஆகையால் "பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம். மோசடி குற்றமுமாகும், பொலிஸிலும் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் பிரதியோடு வங்கிக்கும் அறிவியுங்கள். கூடாரத்தைக் கழுவவோ திருத்தவோ வேண்டாம், அந்த மயிர் உட்பட அனைத்தும் சான்றுதான்.

வெலிமடை வாசகர்: நீர்புகாது என்று உறுதியளித்து விற்ற கூடாரம் விடியற்காலையில் உள்ளே சொட்டுகிறது. மடித்துவைத்து இரண்டு வாரத்தில் கரும்புள்ளியும் பிடித்துவிட்டது. முழுப் பணத்தையும் கேட்கலாமா?

பதில்: நனைந்ததை மடித்து இரண்டு வாரம் பூட்டிவைத்தவர் நீங்கள், அதற்குக் கடைக்காரர் பணம் தரமாட்டார், நானும் கேட்கச் சொல்லமாட்டேன். சொட்டுவது பற்றி மட்டும் பேசலாம். 2000 மில்லிமீற்றர், 3000 மில்லிமீற்றர் என்று துணிக்குக் குறிக்கும் அளவு வெளியிலிருந்து வரும் நீரைப் பற்றியது. இரண்டு பேரும் ஒரு நாயும் இரவு முழுவதும் விடும் மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீராகும்; அதை எந்த அளவும் தடுக்காது. நாய் நனைந்து வந்தால் கேட்கவே வேண்டாம். எதிரெதிர் ஜன்னல்களை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள், மெத்தைக்குக் கீழே காற்றோடும் விரிப்புப் போடுங்கள். உண்மையில் ஒழுகுகிறதா என்று அறிய, காய்ந்த கூடாரத்தை விரித்து ஆளில்லாமல் குழாய்நீர் பாய்ச்சிப் பாருங்கள். தையல் வழியே கோடாக நனைந்தால் குறைபாடு, கடைக்குப் போங்கள். பருத்தி கலந்த கன்வஸ் என்றால் முதல் ஓரிரு முறை நனைந்து நூல் ஊதிய பிறகே தையல் துளைகள் அடைபடும். அதையும் கணக்கில் எடுங்கள்.

விளம்பரத்தின் "நீர்புகாது" என்ற உறுதியை நம்பி நாய்க்குப் பாய் ஒன்று வாங்கியவன் நானும்தான். நகம் பட்ட முதல் இரவே அது சல்லடையாகிவிட்டது. இப்போது தடித்த பழைய படங்குத்துணிதான் விரிக்கிறேன்.

ஹப்புத்தளை வாசகர்: குளிருக்குக் கூடாரத்துக்குள் சிறிய காஸ் அடுப்பை எரியவிடலாமா?

பதில்: கூடாது. காஸும் கரியும் மூடிய இடத்தில் எரிந்தால் காபனோரொக்சைட்டு சேரும். அதற்கு மணமில்லை, நீங்களும் நாயும் விழிக்கமாட்டீர்கள். கம்பளி வாங்குங்கள்.

பதுளை வாசகர்: வருடத்தில் ஒரு முறை, ஏப்ரல் விடுமுறையில் மட்டும் போவோம். தவணை முறையில் வாங்குவது நல்லதா?

பதில்: ஒரு முறைக்கு வாடகையே போதும். ஏப்ரலில் மலையகத்தில் பிற்பகல் இடிமழை வழக்கமானது, ஆகையால் மேட்டு முனையில் கூடாரம் விரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் வருகிறது என்பதை வாடகைக்குத் தருபவரிடம் முன்னரே சொல்லி, நகக்கீறலுக்கு எவ்வளவு அறவிடுவார் என்பதை எழுத்தில் பெறுங்கள். வாகனத்தில் ஏற்றும் முன் தளத்தையும் கொசுவலையையும் ஒவ்வொரு சிப்பையும் அவர் முன்னிலையிலேயே படமெடுத்து, அந்தப் படங்களை அங்கேயே அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.